தரங்கம்பாடியில் மூன்று நாள்

கடற்கரையில் போய்ச் சில நாள் தங்கிவிட்டு வரலாம் என்றால் எல்லோருக்கும் உற்சாகம் பிறக்கும். நமக்கோ இருபது வருஷமாக அந்தப் பேச்சை எடுத்தாலே வேறு ஏதாவது வேலை ஞாபகத்துக்கு வந்துவிடும். விடைத்தாள் திருத்த வேண்டியிருக்கும். ஊரில் ஒரு கலியாணம் இருக்கும். கிணற்று மோட்டார் பழுதாகியிருக்கும். சென்ற டிசம்பர் மாதத்தில் நம் மனைவி இந்தச் சாக்குப்போக்குகளுக்கெல்லாம் ஒரு முடிவு கட்டிவிட்டாள்.

"எங்கே போவதென்பதை நான் தீர்மானம் செய்துவிட்டேன். எந்தத் தேதியில் என்பதை மட்டும் நீங்கள் சொன்னால் போதும்" என்றாள்.

அவள் தீர்மானம் செய்திருந்த இடம் தரங்கம்பாடி.

இதில் ஒரு விஷயம் இருக்கிறது. பட்டம் பெற்று, முதன் முதலாக நாம் சாக்கட்டியைக் கையில் பிடித்தது அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில்தான். அப்போது நமக்கு வயது இருபத்து நான்கு. வேலையில் அமர்ந்து ஆறு மாதம் ஆவதற்குள் 2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-ஆம் தேதி வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு மாற்றல் வாங்கிக் கொண்டு வந்தவர்கள்தான். திரும்ப அந்தக் கரையை மிதிக்கவில்லை. நம் மனைவிக்கு இது தெரியும். தெரிந்துதான் அந்த ஊரைச் சொன்னாள்.

பழைய வழியும் புதிய வழியும்

தரங்கம்பாடிக்கு ஒரு காலத்தில் ரயிலிலேயே போகலாம். மாயவரத்திலிருந்து 1926-இல் போட்ட சின்ன ரயில் பாதை ஒன்று, வயல்களுக்கு நடுவே ஊர்ந்து சென்று கடலுக்கு முன்னால் நின்றுவிடும். 1980-களில் அந்தப் பாதையை மூடிவிட்டார்கள். இப்போது மாயவரம் மயிலாடுதுறை ஆகிவிட்டது. 2020-இல் தனி ஜில்லாவின் தலைநகரமும் ஆகிவிட்டது. ஆனால் தரங்கம்பாடிக்குப் பஸ்தான்.

பஸ் பிரயாணத்தைப் பற்றி நாம் குறை சொல்ல மாட்டோம். செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் என்று பெயர்களைக் கேட்டுக் கொண்டே போவதில் ஒரு சுகம் இருக்கிறது. திருக்கடையூரில் பாதி பஸ் காலியாயிற்று. இறங்கியவர்களெல்லாம் அறுபதாம் கலியாணத்துக்குப் போகிற சுற்றத்தார். மாலையும் பழத்தட்டும் இறங்கிய பிறகு, ஜன்னல் வழியாக உப்புக் காற்று உள்ளே வந்தது. நம் மனைவி நம் முகத்தைப் பார்த்தாள். நாம் சாலையைப் பார்த்துக் கொண்டிருந்தோம்.

தரங்கம்பாடிக்குள் நுழைவதற்கு ஒரு வாசல் உண்டு. வெள்ளை அடித்த பெரிய வளைவு. மேலே டென்மார்க் தேசத்து ராஜ சின்னம். 1792-இல் திரும்பக் கட்டியது. வாசலுக்கு வெளியே பஸ்ஸும் டீக்கடையும் சத்தமுமாக நம்முடைய தமிழ்நாடு. உள்ளே கால் வைத்தால் நேரான ஒரே வீதி. இரண்டு பக்கமும் தூண் வைத்த பழைய வீடுகள், மாதாகோயில்கள். வீதியின் கடைசியில் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாததுதான் கடல்.

கலெக்டர் துரையின் தாழ்வாரம்

நாம் தங்கிய விடுதி, முன் காலத்தில் கலெக்டர் பங்களாவாக இருந்த மாளிகை. டேனியர்கள் 1845-இல் தரங்கம்பாடியை வங்காளத்திலிருந்த தங்கள் ஸ்ரீராம்பூரோடு சேர்த்து ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றுவிட்டுக் கப்பலேறினார்கள். அதன் பிறகு 1860 வரையில் தஞ்சாவூர் ஜில்லாவின் கலெக்டர் கச்சேரி இந்த ஊரில்தான் நடந்தது. ஜில்லா முழுவதிலுமிருந்து மிராசுதாரும் குடியானவனும் மனுவை மடியில் கட்டிக் கொண்டு இந்தக் கடற்கரைக்கு வந்து காத்துக் கிடந்திருப்பார்கள். அடுத்த வருஷம் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்தது. வியாபாரம் அங்கே போயிற்று. அதிகாரமும் வியாபாரமும் போன பிறகு தரங்கம்பாடி தூங்கிவிட்டது. தூங்கியதனால்தான் இடிபடாமல் பிழைத்தது என்றும் சொல்ல வேண்டும்.

மாளிகை இரண்டு அடுக்கு. நாலு புறமும் அகன்ற தாழ்வாரம்; அதைத் தாங்கும் கனத்த தூண்கள்; அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரத்தில் மர உத்தரங்கள். அறைகளுக்கு எண் போடாமல், முற்காலத்தில் இந்தத் துறைக்கு வந்த டேனியக் கப்பல்களின் பெயர்களை வைத்திருந்தார்கள். எங்கோ வடகடலில் கட்டிய ஒரு கப்பலின் பெயரைச் சொல்லிச் சாவி வாங்கிக் கொண்டு, நம் ஊர்ப் பாயை விரித்துப் படுப்பது வேடிக்கையாகத்தான் இருந்தது. கட்டில் மெத்தை இருந்தது. ஆனால் நம் மனைவி எங்கே போனாலும் ஒரு பாய் கொண்டு வருவாள்.

முதல் நாள் சாயங்காலம் மேல்மாடித் தாழ்வாரத்தில் நாற்காலியைப் போட்டுக் கொண்டு உட்கார்ந்தோம். காப்பி வந்தது. கொண்டு வந்த பையன், "வேறு ஏதாவது வேண்டுமா, ஸார்?" என்று பணிவாகக் கேட்டான். அப்போது நமக்கு ஒரு எண்ணம் தோன்றியது. நூற்றறுபது வருஷத்துக்கு முன்னால் நம்மைப் போன்ற ஓர் ஆசாமி இங்கே வந்திருந்தால் எங்கே நின்றிருப்பான்? இந்தத் தாழ்வாரத்தில் அல்ல. கீழே, வெயிலில், செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக் கொண்டு, டவாலிச் சேவகன் எப்போது கூப்பிடுவான் என்று பார்த்துக் கொண்டு நின்றிருப்பான். இன்று அதே இடத்தில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் காலை நீட்டிக் கொண்டு காப்பி குடிக்கிறான். சுதந்திரம் என்பதற்குப் பெரிய பெரிய விளக்கங்கள் சொல்லுகிறார்கள். இதுவும் அதில் ஒரு சிறிய பகுதிதான் என்று நம் மனைவியிடம் சொன்னோம்.

"வாடகையைக் கொடுக்கும்போது இந்த விளக்கத்தை ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள்" என்றாள் அவள்.

அவள் சொன்னதிலும் நியாயம் உண்டு. கீழே வெயிலில் நின்றவனின் பேரன் எல்லோராலுமா இங்கே மாடி ஏற முடிகிறது?

கோட்டையும் பொற்றகடும்

மறுநாள் காலை கோட்டைக்குப் போனோம். விடுதியிலிருந்து கூப்பிடு தூரந்தான். மஞ்சளும் காவியும் கலந்த நிறத்தில், கடலைப் பார்த்து நிற்கிறது டான்ஸ்பார்க் கோட்டை.

டென்மார்க் ராஜாவான நாலாம் கிறிஸ்டியானுக்கு இந்தியாவின் மிளகின் மேல் ஆசை வந்தது. 1616-இல் ஒரு கம்பெனி ஏற்பட்டது. 1618-இல் ஓவே கெட்டே என்னும் இளைஞரின் தலைமையில் கப்பல்கள் புறப்பட்டன. அவர்கள் இலங்கையில் கால் ஊன்றப் பார்த்தார்கள்; முடியவில்லை. கடைசியில் 1620-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்து கொண்டு, இந்தக் கடற்கரைக் கிராமத்தைப் பெற்றார்கள். ரகுநாத நாயக்கர் டேனிய ராஜாவுக்குப் பொற்றகட்டில் தமிழில் எழுதியனுப்பிய ஓலை கோபன்ஹேகன் நகரத்து ஆவணக் களரியில் இன்றும் பத்திரமாக இருக்கிறது. கடிதம் எழுதுவதென்றால் பொன்னில் எழுதுவது. இடம் வேண்டுமென்று வந்தவனுக்கு இடம் கொடுப்பது! நம் பழைய ராஜாக்களின் தாராளத்தை நினைத்துப் பெருமைப்படுவதா, பெருமூச்சு விடுவதா என்று தெரியவில்லை.

ஆனால் டேனியரின் சரித்திரம் மற்ற வெள்ளைக்காரர்களின் சரித்திரத்தைப் போன்றதல்ல. அதில் ஹாஸ்யமும் உண்டு, பரிதாபமும் உண்டு. ஐரோப்பாவில் யுத்தம், கையில் பணமில்லை. ஆகவே 1669 வரையில் வெகு காலம் தாய்நாட்டிலிருந்து ஒரு கப்பல்கூட வரவில்லை. இங்கே இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக இறந்து போனார்கள். கடைசியில் எஸ்கில்ட் ஆண்டர்சன் என்ற ஒருவர், உள்ளூர் ஜனங்களை வைத்துக் கொண்டு கோட்டையைக் காப்பாற்றினார். ஊரைச் சுற்றி மதிலும் எழுப்பினார். 1669-இல் கப்பல் வந்து பார்த்தபோது டென்மார்க்கின் கொடி இன்னும் பறந்து கொண்டிருந்ததாம். தன்னை மறந்துவிட்ட ராஜாவுக்காக ஒருவன் அத்தனை வருஷம் கடலைப் பார்த்துக் கொண்டு உட்கார்ந்திருந்தான் என்றால், அவனை அந்நியன் என்று ஒதுக்கிவிட மனம் வரவில்லை.

கோட்டையும் ஒரு காலத்தில் பிரயாணிகளின் விடுதியாக இருந்திருக்கிறது. பிறகு 1978-இல் தொல்பொருள் இலாகாவின் வசத்துக்கு வந்து, காட்சிச் சாலையாயிற்று. பீங்கான், நாணயம், பத்திரங்கள், நங்கூரம், பீரங்கிக் குண்டு எல்லாம் வைத்திருக்கிறார்கள். கீழே நிலவறைகளையும் பார்க்கலாம். அந்தக் காலத்துச் சிறைச்சாலை அங்கேதான். அதில் அடைபட்டிருந்த ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் தரங்கம்பாடியைப் பற்றி எழுத முடியாது.

மணலில் எழுதியவர்

1706-ஆம் வருஷம் ஜூலை மாதம் 9-ஆம் தேதி ஜெர்மனி தேசத்து வாலிபர்கள் இருவர் இங்கே கரையிறங்கினார்கள். ஒருவர் பெயர் சீகன்பால்க், மற்றவர் புளூட்சாவ். டேனிய ராஜா அனுப்பிய பாதிரிமார். வந்த காரியம் மதப் பிரசாரம். அதைப் பற்றி நேயர்களில் பலருக்குப் பல அபிப்பிராயம் இருக்கலாம். ஆனால் சீகன்பால்க் செய்த முதற் காரியம், ஒரு திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு தானும் ஒரு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்து, விரலால் மணலில் ஆனா ஆவன்னா எழுதியது. இருபத்து நாலு வயது வாலிபர், சீமையில் படித்தவர். நம் தேசத்துக்கு ஆளவும் வியாபாரம் செய்யவும் வந்தவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். மணலில் உட்கார்ந்து எழுதக் கற்றுக் கொண்டவர்கள் எத்தனை பேர்?

இரண்டே வருஷத்தில் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைச் சேர்த்து, அவற்றுக்கு 1708-இல் விவரமான அட்டவணை எழுதினார். அதே வருஷக் கடைசியில், ஓர் ஏழை விதவைக்காகப் பரிந்து பேசப் போய் ஆரம்பித்த தகராறு முற்றி, டேனியக் கோட்டைத் தலைவன் அவரைப் பிடித்து நாலு மாதம் சிறையில் போட்டான். சொந்த நிறத்தவர்களே சிறையில் போட்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

பிறகு அச்சுக்கூடம் வந்தது. தமிழில் அச்சுப் புத்தகம் அதற்கு முன்பே உண்டு. 1578-இல் கொல்லத்தில் "தம்பிரான் வணக்கம்" அச்சாகியிருக்கிறது. ஆனால் இடையில் அந்தத் தொழில் அற்றுப் போயிருந்தது. ஜெர்மனியிலிருந்து தருவித்த தமிழ் எழுத்துக்கள் அளவில் பெரியவையாக இருந்தன, காகிதமோ கொஞ்சம். ஆகவே சீமையிலிருந்து வந்த பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் ஈய மூடிகளை உருக்கி, இங்கேயே சிறிய எழுத்துக்களை வார்த்தார்களாம். பக்கத்துப் பொறையாற்றில் காகிதம் செய்யும் ஆலையும் ஏற்பட்டது. 1714-இல் தொடங்கி 1715-இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது. 1719-இல், முப்பத்தாறு வயதில், சீகன்பால்க் காலமானார். தாம் கட்டி 1718-இல் திறந்த புது எருசலேம் ஆலயத்திலேயே அடக்கமாகியிருக்கிறார்.

தமிழ் வசனத்துக்கும் இந்த ஊருக்கும் இன்னொரு தொடர்பும் உண்டு. "பிரதாப முதலியார் சரித்திரம்" எழுதிய வேதநாயகம் பிள்ளை மாயவரத்துக்குப் போவதற்கு முன்னால் முன்சீபாக உத்தியோகம் பார்த்த ஊர்களில் தரங்கம்பாடியும் ஒன்று. நீதி ஸ்தலத்துக்குப் போகும் வழியில் இதே அலைச் சத்தத்தை அவரும் கேட்டிருப்பார்.

கடல் கொண்ட முற்றம்

கோட்டைக்கு வடக்கே கரையோரமாக நடந்தால் மாசிலாமணிநாதர் கோயில் வரும். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-ஆம் வருஷத்தை ஒட்டி எழுந்தது. அந்தக் காலத்துச் சாஸனத்தில் இந்த ஊரின் பெயர் சடங்கன்பாடி. தரங்கம் என்றால் அலை. தரங்கம்பாடி என்றால் அலை பாடும் ஊர் என்று பிற்காலத்தில் அர்த்தம் செய்து கொண்டிருக்கிறார்கள். அழகான அர்த்தந்தான். ஆனால் அலை பாடிக் கொண்டு மட்டும் இருக்கவில்லை. தின்று கொண்டும் இருந்திருக்கிறது. கோயிலின் முன்மண்டபங்களையெல்லாம் கடல் வருஷா வருஷம் அரித்துக் கொண்டு போய்விட்டது. மிஞ்சிய பகுதியைப் பிற்பாடு புதுப்பித்திருக்கிறார்கள். கரையில் பெரிய பெரிய பாறைகளைக் கொண்டு வந்து கொட்டி அணை போட்டிருக்கிறார்கள்.

அந்தப் பாறைகளின் மேல் நின்றபோதுதான் நம் மனைவி கேட்டாள்:

"அவன் வீடு எந்தப் பக்கம்?"

நாம் கையை நீட்டிக் காட்டினோம். அந்த இடத்தில் இப்போது வீடு இல்லை. வலைகள் உலர்ந்து கொண்டிருந்தன.

வாத்தியார் சொல்லாத பாடம்

இனி எழுதப் போவதை எழுதலாமா கூடாதா என்று வெகு நேரம் யோசித்தோம். எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமே இல்லை.

2004-ஆம் வருஷம் ஒன்பதாம் வகுப்புக்கு நாம் பூகோளம் நடத்தினோம். நிலநடுக்கத்தைப் பற்றிய பாடம் ஒன்று வந்தது. பூமியின் மேலோடு எப்படி அசைகிறது, எப்படி அளக்கிறார்கள் என்பதெல்லாம் சொல்லியாயிற்று. கடலின் அடியில் நிலம் அசைந்தால் கரையில் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டியதுதான். கல்லூரியில் படித்திருந்தோம்; நமக்குத் தெரியும். ஆனால் அரைப் பரீட்சை நெருங்கிவிட்டது. பரீட்சைக்கு வராத விஷயம். பத்து நிமிஷம் மிச்சமாகட்டும் என்று விட்டுவிட்டோம். கடலிலிருந்து கல்லெறி தூரத்தில் வாழும் குழந்தைகள் நாற்பது பேருக்கு அந்தப் பத்து நிமிஷத்தை நாம் கொடுக்கவில்லை.

டிசம்பர் 26-ஆம் தேதி காலை ஏறக்குறைய ஆறரை மணிக்குச் சுமத்ராவுக்கு அப்பால் கடலடியில் பூமி பிளந்தது. அலை நம் கரைக்கு வந்தபோது மணி ஒன்பது இருக்கும். இடையே இரண்டரை மணி நேரம். தந்தி உண்டு, டெலிபோன் உண்டு, ரேடியோ உண்டு; சொல்லுவதற்கு ஒரு மனிதர் இல்லை. இந்தத் தவறு நம் ஒருவருடையதல்ல என்பது நமக்குத் தெரியும். 2007 முதல் ஹைதராபாத்தில் இதற்கென்றே ஒரு நிலையம் இரவு பகலாக விழித்திருக்கிறது. அன்று அப்படி ஒன்று இல்லை.

நம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். கணக்கில் கெட்டிக்காரன், பூகோள வகுப்பில் எப்போதும் ஒரு கேள்வி கேட்பான். முதல் அலை வந்து வடிந்தது. அந்த அலையில் அவன் தப்பித்துவிட்டான். தாயாரையும் தங்கையையும் மேட்டில் கொண்டு போய்ச் சேர்த்தான். கடல் பின்வாங்கியிருந்தது. 'ஆபத்து போய்விட்டது, படகைப் பார்த்துவிட்டு வருகிறேன்' என்று ஓடினான். இரண்டாவது அலை முதல் அலையைவிடப் பெரிது.

முதல் அலையோடு முடிவதில்லை, கடல் பின்வாங்கினால் அது அழைப்பல்ல, எச்சரிக்கை என்பதுதான் நாம் சொல்லாமல் விட்ட பாடம்.

கடலிலிருந்து தள்ளி உட்புறத்தில் கட்டிக் கொடுத்த வீடுகளில் ஒன்றில் அவனுடைய தாயார் இருந்தாள். விசாரித்துக் கொண்டு போனோம். வாசலில் கருவாடு காய்ந்து கொண்டிருந்தது. நம்மைக் கண்டதும் ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள்.

"வாத்தியாரய்யாவா? தலையெல்லாம் நரைச்சுப் போச்சே! வாங்க, உள்ள வாங்க. அம்மாவும் வாங்க" என்றாள்.

சுவரில் அவனுடைய படம். பள்ளிக்கூடத்துச் சட்டை. அதே பதினாலு வயது. நமக்கு நாற்பத்தைந்து ஆகிறது, அவனுக்கு ஆகவில்லை.

சொல்ல வேண்டும் என்று போனதைச் சொன்னோம். எப்படிச் சொன்னோம் என்று ஞாபகம் இல்லை. பாடத்தையும் சொன்னோம், விட்டுவிட்ட பத்து நிமிஷத்தையும் சொன்னோம். அந்த அம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக் கொண்டு சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு சொன்னாள்:

"ஐயா, அது நாங்க கடன் வாங்கி விட்ட படகு. அவங்க அப்பா போனப்புறம் எங்களுக்கு இருந்தது அது ஒண்ணுதான். நீங்க சொல்லியிருந்தாலும் அவன் ஓடித்தான் இருப்பான். எம் புள்ளைய எனக்குத் தெரியும்."

இதைச் சமாதானமாகச் சொன்னாளா, துக்கமாகச் சொன்னாளா என்று நம்மால் நிச்சயிக்க முடியவில்லை. பிறகு, "இப்ப புள்ளைங்களுக்குச் சொல்லித் தர்றீங்களா?" என்று கேட்டாள்.

"ஒவ்வொரு வருஷமும் சொல்கிறேன், அம்மா. பரீட்சைக்கு வந்தாலும் சொல்கிறேன், வராவிட்டாலும் சொல்கிறேன்."

"அப்படின்னா சரி" என்றாள்.

அப்போது உள்ளேயிருந்து ஒரு பெண் குழந்தை வந்தது. அன்று மேட்டில் கொண்டு போய்ச் சேர்த்த தங்கையின் மகள். எட்டாம் வகுப்புப் படிக்கிறாளாம். "ஐயாவுக்குச் சொல்லு பார்ப்போம்" என்றாள் பாட்டி. குழந்தை கையைக் கட்டிக் கொண்டு, மனப்பாடச் செய்யுளைப் போல ஒப்பித்தது: தரை வெகு நேரம் அதிர்ந்தாலும், கடல் திடீரென்று உள்வாங்கினாலும், என்றும் கேளாத இரைச்சல் கேட்டாலும் உடனே மேட்டுக்கு ஓட வேண்டும், சாமான் எடுக்கத் திரும்பக் கூடாது, ஒரு அலை வடிந்தாலும் அதிகாரிகள் சொல்லும் வரை இறங்கக் கூடாது.

"படகு எடுக்கவும் திரும்பக் கூடாது" என்று கடைசியில் தானாக ஒன்றைச் சேர்த்தாள்.

அது எந்தப் புத்தகத்திலும் இல்லாத வரி. அந்த வீட்டுப் பாடம்.

தில்லையாடி

மூன்றாம் நாள், சில மைல் தொலைவிலுள்ள தில்லையாடிக்குப் போனோம். தென்னாப்பிரிக்காவில் பிறந்து, பெற்றோர்களின் இந்த ஊரை ஒரு நாளும் பாராமலே, இதன் பெயரை உலகறியச் செய்தவள் வள்ளியம்மை. கிறிஸ்தவ முறைப்படி நடவாத கலியாணங்கள் செல்லாது என்று 1913-இல் அங்கே ஒரு தீர்ப்பு வந்தது. ஒப்பந்தக் காலம் முடிந்த இந்தியக் கூலிகள் தலைக்கு 3 பவுன் வரி கட்ட வேண்டும் என்ற சட்டம் வேறு. காந்தியடிகளின் சத்தியாக்கிரகத்தில் தாயாரோடு அந்தச் சிறுமியும் சேர்ந்தாள். மூன்று மாதக் கடுங்காவல். சிறையிலே காய்ச்சல் கண்டது. விடுதலையாகி வந்த சில நாளில், 1914-ஆம் வருஷம் பிப்ரவரி 22-ஆம் தேதி, தன்னுடைய பதினாறாவது பிறந்த நாளில், உயிர் நீத்தாள். அடுத்த வருஷம் இந்தியாவுக்குத் திரும்பிய காந்தியடிகள், அவளுடைய ஊரைப் பார்ப்பதற்காகவே 1915-இல் இங்கே வந்தார். இப்போது அங்கே நினைவு மண்டபமும் வாசகசாலையும் இருக்கின்றன.

பதினாலு வயதும் பதினாறு வயதும் இருக்க வேண்டிய இடம் பள்ளிக்கூடம். ஒரு குழந்தை தேசத்துக்காகப் போயிற்று. அதன் பெயரை மண்டபத்தில் பொறித்திருக்கிறது. மற்றொன்று கடன்பட்ட படகுக்காகப் போயிற்று. அதன் படம் ஒரு வீட்டுச் சுவரில் இருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் பார்த்த நமக்கு, ஒன்று பெரிது, மற்றது சிறிது என்று சொல்ல வாய் வரவில்லை.

போகிறவர்களுக்கு

தரங்கம்பாடிக்குப் போக விரும்பும் நேயர்களுக்கு நமது அனுபவத்திலிருந்து சில வார்த்தைகள். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. தை, மாசி நல்ல காலம். கடல் பார்க்க அழகு; இறங்கிக் குளிக்க ஏற்றதல்ல. அலைக்கு இழுப்பு அதிகம். சூரியோதயத்தைத் தவற விடாதீர்கள். அதற்காகவே மேல்மாடித் தாழ்வாரம் கட்டினார்களோ என்று தோன்றும்.

இங்கே காற்றில் ஓஸோன் நிறைந்திருக்கிறது, அதனால் ஆரோக்கியம் என்று சிலர் சொல்லக் கேட்பீர்கள். வாத்தியார் என்ற முறையில் இதைத் திருத்த வேண்டியிருக்கிறது. ஓஸோன் வானத்தில் உயரே இருந்தால் நமக்குக் குடை. தரையோரம் மிகுந்தால் நுரையீரலுக்குக் கெடுதல். கடற்காற்று சுகமாயிருப்பதற்கு அது தூசியின்றி வீசுவதே போதுமான காரணம்.

விடுதியில் இடம் கிடைக்காவிட்டாலும் கவலையில்லை. காரைக்காலிலோ மயிலாடுதுறையிலோ ஜாகை வைத்துக் கொண்டு ஒரு பகல் வந்து போகலாம். ஆனால் ஓர் இரவாவது இங்கே தங்கினால்தான் ஊர் பேசும்.

கடைசி இரவு நாமும் நம் மனைவியும் வெகு நேரம் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தோம். விளக்கை அணைத்துவிட்டோம். கடல் தெரியவில்லை, சத்தம் மட்டும் வந்து கொண்டிருந்தது. இருபது வருஷமாகக் கனவில் கேட்டுத் திடுக்கிட்டு விழித்துக் கொண்ட சத்தம் அது. அதைக் கேட்டுக் கொண்டே அன்றிரவு தூங்கினோம் என்று சொன்னால் முழுவதும் உண்மையாகாது. விடியற்காலம் மூன்று மணி வரையில் விழித்திருந்தோம். பிறகு தூங்கினோம்.

பள்ளிக்கூடம் திறந்த முதல் நாள், ஒன்பதாம் வகுப்பில் பாடத்தை எடுத்தபோது கரும்பலகையில் கடலையும் கரையையும் வரைந்தோம். ஒரு பையன் எழுந்து, "ஸார், இது பரீட்சைக்கு வருமா?" என்று கேட்டான்.

"வராது. ஆகையால் கவனமாகக் கேள்" என்றோம்.